வாசகர் வட்டமும் ஒரு மூச்சுப் பையும்

ஆம்புலன்ஸ் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டு வாசலில் ஐஸ் பெட்டி வந்து இறங்கியிருப்பதை வேல்விழி பார்த்துவிட்டாள். கண்ணாடி மூடியும் சக்கரமுமாக அது வேப்பமரத்து நிழலில் நின்றது. மூடியின்மேல் யாரோ செய்தித்தாளையும் வெற்றிலைத் தட்டையும் வைத்திருந்தார்கள். ஷாமியானாக்காரர்கள் மூன்றாவது கம்பை நட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏற்பாட்டில் ஒரே ஒரு குறைதான். பச்சமுத்து இன்னும் சாகவில்லை.

அவர் வண்டிக்குள் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். வாயில் குழாய். குழாயின் முனையில் சின்னப் பப்பாளி அளவுக்கு ஒரு ரப்பர் பை. அதை ஆம்புலன்ஸோடு வந்த அன்பரசன் அமுக்கினால் மார்பு ஏறியது, விட்டால் இறங்கியது. பாண்டிச்சேரியிலிருந்து வழிநெடுக அவர் ஒரு கையால் பையை அமுக்கிக்கொண்டு, மறு கையால் திட்டக்குடியில் காத்திருக்கும் அடுத்த நோயாளியின் வீட்டாரோடு போனில் பேசியபடியே வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். அடிக்கடி கொட்டாவி விட்டார்.

"என்னாம்மா, அதுக்குள்ள எல்லாம் ரெடியா இருக்குது?"

"யாரு சொன்னாங்கன்னு தெரியலீங்க," என்றாள் வேல்விழி.

தெரியும். சாமிதுரை சொல்லியிருப்பார்.

சாமிதுரை கூட்டுறவுத் துறையில் துணைப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மணிமுத்தாறு வாசகர் வட்டத்தின் நிறுவனர், தலைவர், பல கூட்டங்களில் ஒரே பேச்சாளர். ஊரில் யார் இறந்தாலும் முதல் இரங்கல் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அன்று காலை வேல்விழி வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில், 'அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம், இந்த மாதக் கூட்டத்துக்கு வர இயலாது' என்று போட்டாள். சாமிதுரை விசாரிக்கவில்லை. 'வட்டத்தின் மூத்த வாசகர் திரு. பச்சமுத்து அவர்கள் இயற்கை எய்தினார். ஆலமரம் சாய்ந்தது' என்று போட்டுவிட்டார். அதன்கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. கடலூரிலிருந்து ஒரு கவிஞர் இரங்கற்பாவே அனுப்பினார். அதில் இறந்தவர் பெயர் பச்சையப்பன் என்று இருந்தது.

பச்சமுத்து ஆலமரம் எல்லாம் இல்லை. செராமிக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தவர். கரண்டுக் கம்பத்துக்குப் போகும் பீங்கான்களை வைக்கோல் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்குவது அவர் வேலை. அங்கே கழித்துக் கட்டிய கோப்பைகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். அதனால் அந்த வீட்டில் நேராக நிற்கும் கோப்பை ஒன்றுகூட இல்லை. மூத்த வாசகர் என்ற பட்டம் அவருக்கு ஒரே ஒரு கூட்டத்தில் கிடைத்தது. போண்டா உண்டு என்று மகள் சொன்னதால் வந்திருந்த கூட்டம் அது.

ஸ்ட்ரெச்சரை நான்கு பேர் தூக்கினார்கள். அன்பரசன் பக்கவாட்டில் பையை அமுக்கிக்கொண்டே ஓடிவந்தார். நிலைப்படி தாண்டும்போது யாரோ, "பாத்து, பாத்து, தலை," என்றார்கள். கூடத்தில் கட்டிலைத் தெற்கே தலை வைத்துப் போட்டிருந்தாள் அம்சவல்லி. தலையணைக்கு உறை மாற்றியிருந்தாள்.

புருஷனை இறக்கி வைத்ததும் அவள் முதலில் செய்த காரியம், மேலேறியிருந்த அவர் வேட்டியை இழுத்துக் காலை மூடியதுதான். பிறகு மகளைப் பார்த்தாள்.

"சாப்டியா?"

"இல்லம்மா."

அம்சவல்லி சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரிக்குச் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவைதான் வந்தாள் அவள். கண்ணாடி வழியாகக் கணவரைப் பார்த்தாள். மகளிடம், "வெளியில வச்சுப் போட்டுடாத. வூட்டுக்குள்ள கொண்டாந்துடு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். வெளியே போன உயிர் என்றால் அந்தத் தெருவில் உடம்பை நிலைப்படி தாண்டி உள்ளே கொண்டுவர மாட்டார்கள். வாசலிலேயே பந்தல் போட்டு, வாசலிலேயே வைத்து, வாசலோடு எடுத்துவிடுவார்கள். மூச்சு வீட்டுக்குள் பிரிந்தால்தான் கூடத்தில் கிடத்துவது எல்லாம். ஆகவே மூச்சை வீடு வரைக்கும் கொண்டுவந்தாக வேண்டும். பாண்டிச்சேரி டாக்டருக்கும் இது தெரிந்திருந்தது. "மூளையில ரத்தம் நெறைய பரவிடுச்சும்மா. இப்ப மெஷின்தான் மூச்சு விடுது, அவரு இல்ல. கொண்டு போறதுன்னா கொண்டு போங்க," என்றார். வேல்விழி கையெழுத்துப் போட்டாள். பேனா மேஜையோடு நூலில் கட்டியிருந்தது. நூல் எட்டாமல், குனிந்து போட வேண்டியிருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சாமிதுரை வந்துவிட்டார். ஜிப்பா, தோளில் சால்வை, கையில் ஆளுயர ரோஜா மாலை. அவருக்குப் பின்னால் இருவர் வந்தார்கள். ஒருவர் கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருக்கும் ஷபியுல்லா. அவருடைய கடை மாடியில்தான் வட்டத்தின் கூட்டங்கள் நடக்கும். இன்னொருத்தி மருந்துக்கடை தமிழினி.

சாமிதுரை முகத்தைச் சரியான துயரத்தில் பொருத்திக்கொண்டு நுழைந்தார். மாலையை இரண்டு கையாலும் தூக்கினார். அப்போது பச்சமுத்துவின் மார்பு ஏறியது.

மாலை அந்தரத்தில் நின்றது. மார்பு இறங்கியது. மறுபடி ஏறியது.

"இன்னும்..." என்றார் சாமிதுரை.

"இருக்காருங்க," என்றார் அன்பரசன், அமுக்கிக்கொண்டே.

சாமிதுரை மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஆளுயர மாலை என்பதால் அது இரண்டு பக்கமும் தெரிந்தது. ஷபியுல்லா பேசாமல் வாங்கிக்கொண்டு போய்த் தன் ஸ்கூட்டரில் மாட்டிவிட்டு வந்தார்.

"நான் என்ன சொல்றேன்னா," என்று தொடங்கினார் சாமிதுரை. ஆனால் என்ன சொல்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார். மேடையில் இது அவருக்கு நேர்ந்ததே இல்லை.

வேல்விழிக்கு அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அவரால் இல்லை, போன மாதக் கூட்டத்தால்.

அந்தக் கூட்டத்தில் ஒரு நாவலைப் பற்றிப் பேசினார்கள். சென்னையில் எல்லோரும் படித்து அழுதுகொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வட்டம் பத்துப் பிரதிகள் வரவழைத்தது. ஒரு தாய் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள். மகள் டாக்டர். மெஷினை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறாள். மகன் அவளைக் கொலைகாரி என்று கோர்ட்டுக்கு இழுக்கிறான். இவ்வளவுதான் கதை. இதற்கு ஐந்நூறு பக்கம்.

கூட்டம் அழுகை ஏலத்தில் ஆரம்பித்தது. சாமிதுரை தான் மூன்று இடங்களில் அழுததாக அறிவித்தார். அடுத்துப் பேசிய தலைமை ஆசிரியர் ஐந்து இடம் என்றார். ஒரு வழக்கறிஞர், தான் முன்னுரையிலேயே அழுதுவிட்டதாகச் சொல்லி அதை முடித்து வைத்தார். பிறகு சாமிதுரை, கடைசி மூச்சு வரை போராடுவதே தமிழ்ப் பண்பாடு என்றார். தமிழினி எழுந்து, கௌரவமாகச் சாவது மனுஷ உரிமை, அந்த மகள்தான் உண்மையில் தாயை நேசித்தவள் என்றாள். ஷபியுல்லா தயங்கி எழுந்து, "நாவல்ல அத்தன நாளு ஆஸ்பத்திரியில இருக்காங்க. யாருமே ஒரு இட்லி சாப்பிட்ட மாதிரி தெரியலியே. நானும் கடைசி பக்கம் வரைக்கும் பாத்துகிட்டே இருந்தேன்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிரதியை உள்வாங்காத வாசிப்பு என்று சாமிதுரை அதைத் தள்ளுபடி செய்தார்.

வேல்விழி கடைசியாகப் பேசினாள். அரசுப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. வருஷா வருஷம் கரும்பலகையில் நுரையீரல் வரைந்து பாகம் குறித்தவள். குரல் எடுபடும். "அவள் போட்டது கையெழுத்து இல்லை. அவள் கையில் இருந்தது பேனாவும் இல்லை, கத்தி. மகள் என்ற சொல்லுக்கே அவள் தகுதியில்லாதவள்," என்றாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சாமிதுரை தன் தோளில் இருந்த சால்வையையே எடுத்துப் போர்த்தினார். அந்த வாக்கியத்தை ரோஜாப்பூ படத்தின் மேல் அச்சடித்துக் குழுவின் முகப்பில் வைத்தார்கள். இன்னும் அதுதான் இருக்கிறது.

அன்றைக்குப் பொது வாசகர் கருத்து என்று பச்சமுத்துவையும் எழுப்பினார்கள். அவர் மைக்கைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாதான் இருந்துச்சு. எழுத்துதான் கொஞ்சம் பொடிசு," என்று சொல்லி உட்கார்ந்தார். பத்துப் பக்கத்துக்கு மேல் அவர் படிக்கவில்லை.

அன்பரசன் தொண்டையைக் கனைத்தார்.

"அம்மா, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. குழாய எடுத்துடலாங்களா?"

கூடத்தில் எல்லோரும் வேல்விழியைப் பார்த்தார்கள். தமிழினி மட்டும் தரையைப் பார்த்தாள்.

"எடுத்தா?"

"எடுத்தா கொஞ்ச நேரம் நாடி ஓடும். அப்புறம் நின்னுடும்." அவர் குரலில் வருத்தமும் இல்லை, அவசரமும் இல்லை. "ஆனா நீங்க வாயத் தொறந்து சொல்லணும். நானா எடுக்க மாட்டேன். ஒரு ஊர்ல நானா எடுத்துட்டு அடி வாங்கியிருக்கேன்."

வேல்விழி சொல்லவில்லை. சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தாள். வண்டியில் அது ஒரு சொல்லாக இருந்தது. இங்கே அப்பாவின் காது மடல் தெரிந்தது. அதில் முடி முளைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வெட்டிவிடச் சொல்லிக் கேட்டிருந்தார்.

"கொஞ்சம் இருங்கண்ணே," என்றாள்.

"இருக்கேன். அதுவரைக்கும் இதக் கொஞ்சம் புடிங்க. பாண்டிலேந்து கை மரத்துப் போச்சு." அவர் அவள் கையைப் பிடித்துப் பையின் மேல் வைத்தார். "ரொம்ப வேகம் வேணாம். நீங்க மூச்சு விடுறப்ப அவருக்கும் விடுங்க. அவ்ளோதான்." வாசலுக்குப் போய் யாரோ கொடுத்த டீயை வாங்கிக்கொண்டார்.

வேல்விழி அமுக்கினாள். மார்பு ஏறியது. பையில் எதிர்ப்பு இருந்தது, சைக்கிள் டியூபில் காற்றடிப்பதுபோல. அவள் மூச்சு விட்டாள், அப்பா விட்டார். அவள் எச்சில் விழுங்க நிறுத்தினாள், அப்பாவும் நிறுத்தினார். பதறி அமுக்கினாள்.

போன் அடித்தது. குவைத்திலிருந்து தம்பி கோகுலகிருஷ்ணன். தமிழினி எடுத்து வீடியோவைப் போட்டுக் கட்டிலுக்கு நேரே பிடித்தாள். திரையில் தம்பி லுங்கியோடு அடுக்குக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பின்னால் யாருடைய துணிகளோ காய்ந்துகொண்டிருந்தன.

"அக்கா, நாளைக்கு ராத்திரி ஃப்ளைட்டு கெடச்சிருச்சுக்கா. வந்துடுறேன். அதுவரைக்கும் வச்சிருங்கக்கா."

"எப்டிடா வச்சிருக்கறது. கையால அமுக்கிகிட்டு இருக்கோம்."

"மாத்தி மாத்தி அமுக்குங்கக்கா. அவ்ளோ பேரு இருக்காங்கல்ல." அவன் மூக்கை உறிஞ்சினான். "நீ உட மாட்டன்னு தெரியும்க்கா. நீ அன்னிக்கு பேசுன வீடியோவ இங்க ரூம்ல எல்லாத்துக்கும் போட்டுக் காட்டுனேன். மலையாளத்தான்கூட அழுதான்."

அவன் குத்திக் காட்டவில்லை. பெருமையாகத்தான் சொன்னான். வேல்விழி பையை அமுக்கினாள்.

தம்பி சொன்னது சாமிதுரைக்கு ஊக்கம் கொடுத்துவிட்டது. என்ன சொல்வது என்பது அவருக்குக் கிடைத்துவிட்டது.

"தம்பி சொல்றது சரிம்மா. போராடணும். நாமெல்லாம் எதுக்கு இருக்கோம்? வட்டமே இருக்குதும்மா ஒனக்குப் பின்னால." சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "குடு இப்படி."

அவர் பையை வாங்கினார். நாவலின் கருப்பொருளைத் தொட்டுவிட்ட முகத்தோடு அமுக்கினார். முதலில் மிகப் பலமாக. அன்பரசன் வாசலிலிருந்து, "ஐயா, மெதுவா, பலூன் ஊதல," என்றார். சாமிதுரை மெதுவாக அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் கை மாற்றிக்கொண்டார். வாட்சைக் கழற்றினார். மறுபடி கை மாற்றினார். நெற்றி வேர்த்தது. பச்சமுத்துவின் வாயோரம் எச்சில் வழிந்து குழாயைச் சுற்றி நுரைத்தது. அதை அவர் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு அமுக்கினார்.

"எனக்கு இந்தக் கையில கொஞ்சம் வாதம் உண்டு," என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு தாழ்ந்த குரலில், "நம்ம கையில என்னம்மா இருக்குது. எல்லாம் அவன் செயல்."

ஷபியுல்லா வாங்கிக்கொண்டார். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, வாயோரத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு அமுக்கினார்.

"அண்ணே, நான் ஷபி. ஒங்க செருப்பு வாரு தைச்சு வச்சிருக்கேன். அன்னிக்கே வாங்கிக்குங்கன்னு சொன்னேன்ல. சாயங்காலம் வரேன்னு போயிட்டீங்க." ஒரு அமுக்கு. "பரவால்ல. நான் குடுத்தனுப்புறேன்."

சொல்லிவிட்டு, சொன்னதைத் தானே கேட்டதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.  இதுதான் நாவலைப் பற்றி அந்த வட்டத்தில் நடந்த ஒழுங்கான கலந்துரையாடல் என்று வேல்விழிக்குத் தோன்றியது. தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

அவர் தொழுகைக்கு எழ வேண்டியிருந்தபோது பை தமிழினியிடம் போனது. போன மாதக் கூட்டத்துக்குப் பிறகு வேல்விழியும் அவளும் பேசிக்கொள்ளவில்லை. படியிறங்கும்போது வேல்விழி அவளிடம், "மாத்திர விக்கறவங்களுக்கு உசுரோட வெல தெரியாது," என்று சொல்லியிருந்தாள். அதற்கும் பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டியிருந்தார்கள்.

தமிழினி போனை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பையைப் பிடித்து அமுக்கினாள். உதடு அசைந்தது. ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். நேரம் போயிற்று. வேல்விழி அருகில் வந்தாள்.

"குடு தமிழினி."

"இல்லக்கா. நான் அமுக்குறேன்."

"கை வலிக்கும்."

"வலிக்கலக்கா." அவள் கண்ணிலிருந்து நீர் மூக்கோரமாக இறங்கியது. துடைக்கக் கை இல்லை. "என்னால விட முடியலக்கா. அன்னிக்கு என்னென்னமோ பேசிட்டேன். விட்டா நின்னுடும்ல."

வேல்விழி முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.  தெருவில் களிமண் லாரி ஒன்று ஐஸ் பெட்டியை இடிக்காமல் கடந்து போகத் தவித்துக்கொண்டிருந்தது. "பெட்டிய கொஞ்சம் தள்ளுங்கய்யா," என்று டிரைவர் கத்தினான்.

அன்பரசன் உள்ளே வந்து நின்றார். போனைப் பார்த்தார். பேசவில்லை. 

வேல்விழி பையை வாங்கிக்கொண்டாள். இம்முறை அவளுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இது இப்படியே போகும். இன்னொரு ஆள் வருவார், அமுக்குவார். பக்கத்து வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்திலிருந்து சக ஆசிரியர்கள், நாளை தம்பி. கை மாறிக்கொண்டே இருக்கும். யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் அவள் சொல்வதற்காகத்தான் அமுக்குகிறார்கள். அவளோ, அன்று தான் கத்தி என்று சொன்னது இன்று பையாகக் கையில் இருக்க, அதை எல்லோர் முன்னாலும் கீழே வைக்க முடியாமல் அமுக்குகிறாள். இதில் அப்பா எங்கே இருக்கிறார் என்று பார்த்தாள். குழாய் ஒட்டிய பிளாஸ்திரி அவர் மீசையை இழுத்துப் பிடித்திருந்தது. மேலுதடு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அவ்வளவு நேரமும் அது அப்படித்தான் இருந்திருக்கிறது.

அம்சவல்லி சமையலறையிலிருந்து வந்தாள். கையில் கோணல் பிடி வைத்த ஒரு வெள்ளைக் கோப்பை, அதற்குள் ஸ்பூன்.

"பால் காய்ச்சி ரொம்ப நேரமாச்சு. ஆறிப் போச்சு," என்றாள். "எப்ப ஊத்துறது?"



"வாயில குழா இருக்குதேம்மா," என்றாள் வேல்விழி.

"அதான் கேக்குறேன். அத எடுத்தாத்தான ஊத்த முடியும்."

 திரையில் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"போனப்புறம்னா வாய்க்கரிசிதான்," என்றாள் அம்சவல்லி. குரலை உயர்த்தவில்லை. கடையில் சாமான் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "பால், இருக்கறப்பதான ஊத்துவாங்க. எங்கப்பாவுக்கு நான் ஊத்துனேன். இவரு அம்மாவுக்கு இவரு ஊத்துனாரு. இவருக்கு வாய அடைச்சுப் போட்டு வச்சிருக்குது. வறண்டு கெடக்குது பாரு ஒதடு."

பால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று சொல்ல வேல்விழி வாயெடுத்தாள். மூச்சுக்குழல் முன்னால், உணவுக்குழல் பின்னால், குரல்வளை மூடி என்று ஒன்று உண்டு, அது இப்போது மூடாது. ஒவ்வொரு வருஷமும் ஐந்து மதிப்பெண் கேள்வி. அவள் சொல்லவில்லை.

ஐந்நூறு பக்கத்தில் யாரும் அந்தத் தாய்க்குப் பால் ஊற்றவில்லை. மகனும் ஊற்றவில்லை, மகளும் ஊற்றவில்லை. அவர்களுக்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

"கோகுலு," என்றாள் வேல்விழி போனைப் பார்த்து.

அவன் அடுக்குக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கும் சேத்து ஒரு ஸ்பூனு ஊத்துக்கா," என்றான்.

வேல்விழி அன்பரசனைப் பார்த்தாள்.

"எடுத்துடுங்கண்ணே."

"நீங்கதான சொல்றீங்க?" அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "எல்லாரும் கேட்டுகிட்டீங்கல்ல?"

"நாந்தான் சொல்றேன்," என்றாள். "நான் அவரு மொவ."

சாமிதுரை வாயைத் திறந்தார். வட்டத்தின் வரலாற்றில் முதல்முறையாக, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார்.

அன்பரசன் கையுறை மாட்டினார். பிளாஸ்திரியை ஒரு ஓரத்தில் தூக்கி, மீசை வலிக்குமோ என்பதுபோல மெதுவாக உரித்தார். குழாய் நினைத்ததைவிட நீளமாக இருந்தது. அது வெளியே வந்ததும் பச்சமுத்துவின் வாய் தானாகக் கொஞ்சம் மூடியது. உதடு நேராயிற்று. முகம் அவருடையதாயிற்று. மதியம் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் தூங்கும்போது இப்படித்தான் இருப்பார்.

அம்சவல்லி உட்கார்ந்து, இடது கையால் அவர் தாடையைத் தாங்கி முதல் ஸ்பூனை ஊற்றினாள். பால் உள்ளே போனதா, கன்னத்தோடு வழிந்ததா என்று அவள் பார்க்கவில்லை. வேல்விழி ஊற்றினாள். தம்பிக்காக இன்னொன்று ஊற்றினாள். தமிழினி போனைக் கிட்டே கொண்டுவந்தாள். அவன், "அப்பா," என்றான். அவ்வளவுதான் சொன்னான். தொழுதுவிட்டு வந்த ஷபியுல்லா கதவோரமாக நின்றார். "பாய், வாங்க. நீங்களும் ஊத்துங்க," என்றாள் அம்சவல்லி. அவர் தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து ஊற்றினார். தமிழினி ஊற்றினாள்.

கடைசியாக சாமிதுரை வந்தார்.  பாதிப் பால் பச்சமுத்துவின் கழுத்தில் சிந்தியது. அவர் சுற்றிலும் துணி தேடினார். கிடைக்கவில்லை. குனிந்து தன் ஜிப்பா நுனியாலேயே கழுத்தைத் துடைத்தார். அது காய்ந்துவிட்ட பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போதுங்க சார்," என்றாள் அம்சவல்லி.

அன்பரசன் கழுத்தில் இரண்டு விரல் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி வைத்துப் பார்த்தார். கண்ணிமையைத் தூக்கி போன் வெளிச்சத்தைக் காட்டினார்.

"ஆயிடுச்சும்மா," என்றார்.

அம்சவல்லி கணவரின் தாடையிலிருந்து கையை எடுக்கவில்லை. முதல் அழுகை கூடத்தின் மூலையிலிருந்து, பக்கத்து வீட்டுக் காசியம்மாளிடமிருந்து எழுந்தது. அதன் பிறகு வீடு தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. யாரோ ஐஸ் பெட்டியின் மேலிருந்த வெற்றிலைத் தட்டை எடுத்தார்கள். யாரோ ஒயருக்கு பிளக் பாயிண்ட் தேடினார்கள். சாமிதுரை வாசலுக்குப் போய் போனை எடுத்துப் பார்த்தார். காலையில் தான் போட்டதைப் படித்தார். எதையும் தட்டாமல் ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டார்.

வேல்விழி கோப்பையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். குழாயடியில் அன்பரசன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரப்பர் பையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

"நீங்க கழுவுங்கண்ணே. ஒங்களுக்கு திட்டக்குடி போவணும்."

"ஆமாம்மா. அங்க ஒரு பாட்டிம்மா." அவர் பையைத் தண்ணீருக்கடியில் காட்டினார். நுரை வழிந்து வாழைப் பாத்தியில் ஓடியது. உதறினார். பிறகு இடுப்புத் துண்டை உருவிக் கை துடைக்க வேண்டும். பையை எங்கே வைப்பது என்று பார்த்தார். தரை ஈரம். சுவர் பாசி.

"கொஞ்சம் புடிங்கம்மா," என்றார்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். பை ஈரமாக, கனமில்லாமல் இருந்தது. அவர் ஒவ்வொரு விரலாகத் துடைத்து முடிக்கும்வரை, இரண்டு உள்ளங்கையிலும் அதை ஏந்தி, அமுக்காமல் நின்றாள்.